கிறிஸ்டியும் பங்காளி மாடனும்

சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு, அல்வாவும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சீசன் முடிந்தபின் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று என் தங்கை கிறிஸ்டிக்குத் தெரியும். ஐந்தருவிச் சாலையில் ஒரு லாட்ஜின் பின்பக்கம், மாடியில் ஒற்றை அறை. கீழே உள்ள அறைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். படியேறி வருவது குரங்குகள் மட்டும்தான். ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்பாள்.

"தங்கச்சி என்ன வேல பாக்குதா?" என்று சுரண்டையில் கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால் நான் எங்காவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறேன். இதை எழுதி முடித்ததும் அவளிடம் காட்டித் தவறு இருந்தால் திருத்தித் தரச் சொன்னேன். இரண்டு இடத்தில் திருத்தினாள்.

கல்லூரி முடித்ததும் அவள் தென்காசியில் ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் தட்டச்சு செய்யும் கடை. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கோழி கிளறிப் போட்டதுபோல இருக்கும். பழைய பத்திரிகையைத் திருத்தித் தரக் கேட்டு ஆட்கள் வந்தால் முதலிலிருந்து அடிக்க வேண்டியிருந்தது. அதற்காகக் கிறிஸ்டி ஒரு மென்பொருள் எழுதினாள். பழைய எழுத்துரு எதில் இருந்தாலும் அதை இன்றைய தமிழுக்கு மாற்றிவிடும். எழுத்துமாற்றி என்று பேர் வைத்து, அதன் மூலநிரலோடு எல்லாருக்கும் பொதுவாக இணையத்தில் போட்டுவிட்டாள்.

"ஓசியிலயா குடுத்த?" என்று நான் கேட்டேன்.

"ஓசி இல்லண்ணே. கண்டிசன் இருக்கு. நம்ம கோயில் அண்டா இருக்குல்லா, யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் எடுத்துட்டுப் போலாம். அதுல பொங்கிக் காசுக்குக்கூட வித்துக்கிடலாம். ஆனா அதுல நீ வெட்டுன பேரத் தேய்க்கக் கூடாது. ஓட்டைய அடைச்சாலும், புதுசாப் பிடி போட்டாலும், அதையும் சேத்து ஊருக்குப் பொதுவாத்தான் வைக்கணும். எனக்கு மட்டும்னு ஒருத்தன் எடுத்துக்கிட முடியாது."

அந்த நிபந்தனைகளை எழுதிவைப்பதற்குப் பெயர் உரிமம். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் எழுதியவர் பேரும் உரிமமும் இருக்கும்.

அதைப் போட்டுக் கொஞ்ச நாளில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை என்னிடம் வாசித்துக் காட்டிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

'அம்மா, உங்கள் எழுத்துமாற்றியில் எங்கள் சுடலைமாடன் கோயில் கொடை நோட்டீஸைப் போட்டேன். வார்த்தைக்கு வார்த்தை சிலுவை வருகிறது. எங்கள் சாமி கொஞ்சம் கோபக்காரர். சரிசெய்து தரவும். மாடன், ராயகிரி.'

காரணம் அவள் வேலை பார்த்த தென்காசிக் கடைதான். அந்த எழுத்துருவில் ஒரு விசை வெறுமையாக இருக்கும். மற்ற ஊர்களில் அதை இடைவெளிக்குப் பயன்படுத்தினார்கள். கிறிஸ்தவ துக்க போஸ்டர் நிறைய வரும் என்பதால் அந்தக் கடை முதலாளி அந்த இடத்தில் ஒரு சிலுவையை வரைந்து வைத்திருந்தார். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக் கிறிஸ்டியும் அப்படியே எழுதிவிட்டாள். மன்னிப்புக் கேட்டுத் திருத்தினாள். அதே கடை இன்னொரு எழுத்துருவிலும் அதே வேலையைச் செய்திருந்தது. அது அவள் நினைவுக்கு வரவில்லை.

அதிலிருந்து மாடன் எழுதிக்கொண்டே இருந்தார். பட்டாளத்தில் எழுத்தர் வேலை, வடக்கே எங்கோ இருக்கிறார் என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் தொடாத எழுத்துருக்களை அவர் எடுத்துக்கொண்டார். ஐந்து வருடத்தில் எழுத்துமாற்றியில் பாதி அவர் எழுதியதாகிவிட்டது. கோப்புகளின் தலைப்பில் அவள் தன் பேருக்குப் பக்கத்தில் 'மாடன், ராயகிரி' என்று சேர்த்தாள். போனில் அவர்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

பிறகு அவர் எழுதுவது நின்றுபோனது. கிறிஸ்டி கேட்டுக் கேட்டு எழுதினாள். பதில் இல்லை. டிடிபி கடையும் அதற்குள் மூடிவிட்டது. லாட்ஜுகளுக்கு இணையதளம் செய்து கொடுத்து அதில் வரும் வருமானத்தில் குற்றாலத்திலேயே தங்கிவிட்டாள். சுரண்டைக்கு வா என்றால் "இங்கன அமைதியா இருக்குண்ணே" என்பாள்.

மாடன் எழுதுவது நின்று இரண்டு வருடம் ஆகியிருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை சுற்றிக்கொண்டு வந்தது. மதுரைப் பக்கத்து இந்துக் கல்யாணம். பிள்ளையார் படம் போட்டு, ஸ்ரீயும் போட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கு நடுவிலும் ஒரு சிலுவை. எங்கள் பாத்திரக் கடையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் அதைக் கிறிஸ்டிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அண்ணே, இது எந்த ஆப்புல அடிச்சதுன்னு கேட்டுச் சொல்லு."

"எதுக்குட்டி?"

"உலகத்துல அந்த எடத்துல சிலுவ போட்ட கடை ஒண்ணே ஒண்ணுதான். அதை அப்படியே எழுதிவச்ச முட்டாளும் ஒருத்திதான்."

அது சென்னையில் ஒரு கம்பெனி காசுக்கு விற்கும் செயலி. உள்ளே இருந்தது எழுத்துமாற்றிதான். அவள் மறந்துபோன அந்த இரண்டாவது எழுத்துருவின் சிலுவையோடு எடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரின் பேரையும் உரிமத்தையும் அழித்துவிட்டுத் தங்கள் பேரைப் போட்டிருந்தார்கள். கிறிஸ்டி கம்பெனிக்கு எழுதினாள். பதில் இல்லை. தென்காசியில் எபனேசர் வக்கீலிடம் அழைத்துப்போனேன். நில வழக்குப் பார்க்கிறவர், எங்களுக்குத் தெரிந்தவர்.

"ஏலே பிரின்சு, இது நஞ்சையா புஞ்சையா?" என்றார்.

"சொன்னேன்லா அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல..."

"தெரியும்லே, பகிடிக்குக் கேட்டேன். புத்தகம் எழுதுனா எப்படியோ, அப்படித்தான் சட்டம் இதயும் பாக்கும். சிலுவ நல்ல சாட்சி. நோட்டீஸ் விட்டுருவோம்."

நோட்டீஸ் போனதும் கம்பெனியிலிருந்து ஒரு மேலாளர் காணொளியில் வந்தார். பேச்சு மிகவும் மரியாதையாக இருந்தது. நாங்கள் மூவரும் வக்கீல் அறையில் உட்கார்ந்திருந்தோம்.

"தப்பு நடந்திருக்கு மேடம், ஒத்துக்கறோம். எங்க பையன் யாரோ பாக்காம எடுத்துட்டான். நீங்க எங்களுக்குன்னு தனியா ஒரு உரிமம் எழுதிக் கொடுத்துடுங்க, அதுக்கு உரியதைக் கொடுத்துடறோம். உங்கள மாதிரி ஆள் எங்க டீம்லயே இருக்கணும். சென்னைக்கே வந்துடுங்க."

"அதுல இன்னொருத்தரும் இருக்காரு" என்றாள் கிறிஸ்டி.

"மாடன்தானே? நாங்களும் மெயில் போட்டுப் பாத்தோம், பதிலே இல்ல. அது உண்மையில ஒரு ஆளா, இல்ல யாரோ வச்சுக்கிட்ட பொய்ப் பேரா? அவர் எழுதின பகுதிய மட்டும் நீங்களே புதுசா எழுதிடுங்க மேடம். அப்புறம் எல்லாமே உங்க ஒருத்தர் பேர்லதான்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சென்னை, நல்ல வேலை, உடன் நாலு பேர். அந்தக் குரங்கு அறையிலிருந்து இவள் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் சொன்னேன்.

"பாதிய மாத்தி எழுதிட்டுப் போயேன்ட்டி. அந்த மனுசன் ஏதாவது கேக்கப்போறாரா?"

"அவரு எழுதுனத ஒவ்வொரு வரியா நான் பாத்திருக்கேன். பாத்துட்டு மாத்தி எழுதுனா அது அவரு எழுதுனதுதான். பேரு மட்டும்தான் என்னுதா இருக்கும்."

வக்கீல் அவள் பக்கம் நின்றார். "இது கூட்டுப் பட்டா மாதிரி. பங்காளி கையெழுத்து இல்லாம நீ எழுதிக் குடுத்தா செல்லாது. அவன் யாருன்னு மொதல்ல கண்டுபிடி. செத்திருந்தாலும் வாரிசு இருக்கும்லா."

'செத்திருந்தாலும்' என்ற வார்த்தைக்கு என் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வருடமாக அதை அவள் நினைக்காமல் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ராயகிரிக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டீக்கடையில் கேட்டேன்.

"மாடன் வீடு எங்கன இருக்கு அண்ணாச்சி?"

"எந்த மாடன்? இந்தத் தெருவுல கல்ல விட்டெறிஞ்சா மூணு மாடன் மேல விழும். நாலாவது மாடன் கோயில்ல நிக்காரு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பட்டாளத்துல இருக்கவரு. கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்து வேலையெல்லாம் செய்வாரு."

கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டார். "பட்டாளத்து மாடனா? சர்டிபிகேட்ல பேரு மகாதேவன். அவன் செத்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுதேப்பா. டூட்டியில நெஞ்சுவலி. நீங்க யாரு, பேங்கா?"

"இல்ல" என்றேன். கிறிஸ்டி கையில் வாங்கிய டீயைக் குடித்து முடித்தாள். தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். கடைக்காரர் வந்து வாங்கிக்கொண்டார்.

மாடனின் மனைவி பேர் ஆனந்தவள்ளி. மகள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். அந்த அம்மாள் வீட்டில் தனியாக இருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் பேச ஆரம்பிக்கும்போது என் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான் கிறிஸ்டியா?"

நாங்கள் பேரே சொல்லவில்லை.

"அவரு போன் எங்கிட்டத்தான் இருக்கு. அவரு போன பொறவும் உன் பேரு வந்துக்கிட்டே இருந்துச்சு. 'நலமா? பதில் இல்லையே'ன்னு. 'ஏதும் கோபமா'ன்னு. நான் பதில் போடல."

கிறிஸ்டி தண்ணீரைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு வருசமா எம் புருசங்கிட்ட என்னத்தட்டி எழுதுன?"

"எழுத்தப் பத்தித்தான்க்கா."

"எழுத்தப் பத்தி எழுத அஞ்சு வருசத்துக்கு என்ன இருக்கு? ஆனா ஆவன்னா, அதுக்கு மேல என்ன?"

"ஒரு எழுத்துருவுல ஸ்ரீக்கு மட்டும் ஒரு மாசம் ஆச்சுக்கா."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். கோபம் போகவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நான் தங்கையைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பைத் திறந்து, அவளும் மாடனும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல் எல்லாவற்றையும் எடுத்து ஆனந்தவள்ளி மடியில் வைத்தாள்.

"நீங்களே பாருங்கக்கா. ஒண்ணும் எடுக்கல, மறைக்கல."

வெகுநேரம் வாசித்தார். இடையில் "இது என்ன பாஷ?" என்று ஒருமுறை கேட்டார். கொக்கி, கால், கொம்பு என்று ஏதேதோ எழுதியிருந்தது. எழுத்தைத் தவிர வேறு பேச்சு அதில் கிடையாது. ஒரு இடத்தில் நின்றார். திரும்பப் பின்னால் போனார். மறுபடி வந்தார்.

'நாளை ஊருக்குக் கிளம்புகிறேன். திரும்பும்வரை என்னிடமிருந்து எதுவும் வராது.' ஒவ்வொரு லீவுக்கு முன்னும் இதையே எழுதியிருக்கிறார். சொன்னபடி அந்த நாட்களில் ஒரு வரிகூட இல்லை.

"இது மக சடங்குக்கு வந்தது" என்றார் ஆனந்தவள்ளி. "இது கொடைக்கு வந்தது. இது எங்கம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்போ." பிறகு லேப்டாப்பைப் பார்த்தே பேசினார். "வீட்டுக்கு வந்ததும் போன பீரோக்குள்ள வச்சிப் பூட்டிருவாரு. எதையோ மறைக்காருன்னுல்லா நெனச்சேன்."

கிறிஸ்டி மெதுவாகச் சொன்னாள்: "அந்த நாளெல்லாம் இங்கன எனக்கும் வேல ஓடாதுக்கா. எப்ப திரும்பி எழுதுவாருன்னு பாத்துக்கிட்டு இருப்பேன். வேலைக்குத்தான்."

"வேலைக்குத்தான்" என்று ஆனந்தவள்ளியும் சொன்னார். அவர் அதை ஏற்றுக்கொண்டாரா, குத்திக் காட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு காப்பி போட்டுக் கொடுத்தார்.

கிறிஸ்டி விஷயத்தைச் சொன்னாள். கம்பெனிக்குத் தனியாக எழுதிக் கொடுத்தால் அவருக்கும் அதில் பங்கு உண்டு, கணிசமாகவே இருக்கும். ஆனால் கம்பெனியின் செயலியில் பேர் இருக்காது. எழுதிக் கொடுக்காவிட்டால் அவர்கள் உரிமத்தின்படிதான் நடக்க வேண்டும். பேரைப் போட்டு, தாங்கள் செய்த மாற்றங்களையும் பொதுவில் வைக்க வேண்டும். கைக்கு ஒன்றும் வராது.

"உனக்கு என்ன வேணும்?"

"நான் சொல்ல மாட்டேன்க்கா. இது உங்க பங்கு."

"காணி பிரிக்கிற மாதிரி பேசுத. பேரு எப்படி இருக்குன்னு காட்டு."

காட்டினாள். இரண்டு பேர், ஒன்றுக்குக் கீழ் ஒன்று.

"மகாதேவன்னு சட்டப்படி உள்ள பேரத்தான் போடணும்னு கம்பெனில சொல்லுவாங்க" என்றேன் நான்.

"மகாதேவன்னு பள்ளிக்கூடத்துல வாத்தியார் வச்சது. பட்டாளத்துலயும் அதான். தெருவுல மகாதேவான்னு கூப்பிட்டா அவரு திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு." கொஞ்சம் யோசித்தார். "மகளுக்குக் கல்யாணம் இருக்கு. காசு வேண்டாம்னு சொல்ல நான் ஒண்ணும் பணக்காரி இல்ல. ஆனா இத வித்தா, அஞ்சு வருசம் அங்கன உக்காந்து என்ன செஞ்சாருன்னு அவகிட்ட நான் எதக் காட்டுவேன்? மாடன்னே கிடக்கட்டும்."

வாரிசுச் சான்றிதழின் நகலைக் கொடுத்தார். மாடன் என்றால் மகாதேவன்தான் என்று தென்காசியில் எபனேசர் வக்கீல் உறுதிமொழிப் பத்திரம் எழுதினார். 'மாடன் என்கிற மகாதேவன்' என்று தட்டச்சு செய்ததைப் பார்த்து, "என்கிற-வ எடுத்துட முடியாதா சார்?" என்று ஆனந்தவள்ளி கேட்டார். சட்டத்துக்கு அது வேண்டும் என்றதும் கையெழுத்துப் போட்டார்.

மேலாளர் அடுத்த முறை காணொளியில் வந்தபோது மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. கிறிஸ்டியும் ஆனந்தவள்ளியும் சேர்ந்து நிற்கும்போது கம்பெனிக்கு வேறு வழியில்லை. செயலியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உரிமப்படி நடக்க வேண்டும். உரிமப்படி நடந்தார்கள். மாற்றங்களையெல்லாம் பொதுவில் வெளியிட்டார்கள். சென்னை வேலையைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்குக் கிறிஸ்டி, "கேட்டா குடுப்பாங்களா, நீயே சொல்லு" என்றாள்.

போன மாதம் சாரல் தொடங்கியதும் குற்றாலம் போனேன். லாட்ஜில் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. அவள் அறையில் மட்டும் சத்தம் இல்லை. கம்பெனிச் செயலியைத் திறந்து, 'விவரம்' என்ற பக்கத்துக்குப் போய்க் காட்டினாள். கிறிஸ்டி ஜெபராணி, தென்காசி. மாடன், ராயகிரி. எழுத்து ரொம்பச் சின்னது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பிழை இல்லை. அதை என் போனில் படம் எடுத்தேன். ஆனந்தவள்ளிக்கும் அனுப்பிவிட்டதாகவும், அவர் பதிலாக எதுவும் எழுதவில்லை என்றும் சொன்னாள்.

நான் இருக்கும்போதே மலேசியாவிலிருந்து யாரோ ஒருவர் எழுதியது வந்தது. ஒரு எழுத்துருவில் கொம்பு இடம் மாறி விழுகிறதாம். அந்தப் பகுதி மாடன் எழுதியது. கிறிஸ்டி அதைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இத எதுக்கு இப்படி எழுதியிருக்காருன்னு தெரியல அண்ணே. காரணம் இருக்கும். காரணம் இல்லாம எழுத மாட்டாரு. கேக்கத்தான் ஆளில்ல."

பதில் எழுதத் தொடங்கினாள். நான் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். 'தெரிவித்ததற்கு நன்றி. நாங்கள் பார்க்கிறோம்' என்று எழுதியிருந்தாள்.

"நாங்களா? யாரெல்லாம்ட்டி?" என்று சும்மா கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவள் அந்த வரியைப் பார்த்தாள். பிறகு பின்னால் போய் அழித்து, 'நான் பார்க்கிறேன்' என்று அடித்து அனுப்பினாள்.